நாற்பத்திரண்டு ரூபாயும் ஆறு பிஜி வார்த்தைகளும்

சிகந்தராபாத் ஸ்டேஷனில் அன்றைக்கு மதராஸ் வண்டி ஒன்றரை மணி நேரம் லேட்.

அம்மா உட்காரவே இல்லை. முந்தானையை இழுத்து இழுத்துச் சொருகிக்கொண்டு ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நடப்பாள். அங்கிருந்து திரும்பி வருவாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு தெலுங்கு அம்மாள், இவள் ஏதோ ஸ்லோகம் சொல்கிறாள் என்று நினைத்து ஒரு கும்பிடு போட்டாள்.

ஸ்லோகம் இல்லை. அம்மா சொல்லிக்கொண்டிருந்தது, “ம்புலா, ம்புலா, ம்புலா.”

அப்பா பத்தடி தள்ளி, தோய்த்த காக்கிச் சட்டையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கரிப்புகையும் யாரோ நறுக்கிய கொய்யாப்பழமும் சேர்ந்து ஒரு வாசனை. தம்பிகள் இருவரையும் இடுக்கிக்கொண்டு நான் நடுவில் நின்றேன். எனக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ வயது.

வண்டியில் வந்துகொண்டிருந்தது அம்மாவின் அண்ணன். அம்மாவுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது கப்பலேறிப் போனவர். கூட வருவது அவர் மனைவி. அவள் பிஜித் தீவில் பிறந்தவள். அங்கே போன தமிழர் வீட்டுப் பெண் அல்ல, அந்தத் தீவின் சொந்த மனுஷி.

அம்மா மாணவியான கதை

இரண்டு வாரத்துக்கு முன் இந்தப் பத்தியில் ஒர்க்‌ஷாப் சங்கைப் பற்றியும் அப்பாவின் சைக்கிளைப் பற்றியும் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “உங்கள் வீட்டில் அம்மா என்று ஒருவர் இருந்தாரா, இல்லையா?” இருந்தாள். அவளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த வராது என்றுதான் தள்ளிப்போட்டேன்.

அம்மா பெயர் தனம். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அப்பா அம்மா இருவரும் சிறு வயதிலேயே போய்விட, சித்தப்பா ஒருவர்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். கல்யாணமாகி மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். எங்களுக்கு ஒன்றரை அறை. வாசலில் ஒரு வேப்பமரம். வரிசைக்கு ஒரு குழாய்.

அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தினம் காலை வேலைக்குக் கிளம்பும்போது பத்தணாவை எண்ணி அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போவார். அரிசி மூட்டை, விறகு, எங்கள் பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். அவர் சம்பளம் எவ்வளவு என்று அம்மாவுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. எங்கள் வரிசையில் யார் வீட்டிலும் கேட்கிற வழக்கம் கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் மாமாவின் கடிதம் வந்தது.

நீலக் காகிதம். கடல் தாண்டி வந்ததால் ஓரமெல்லாம் ஈரம் பட்டு முறுகியிருந்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். நான் தோளுக்குப் பின்னால் நின்று கூடவே படித்தேன்.

மாமா கரும்புக் காட்டில் ஒப்பந்தக் கூலியாகப் போனவர். ஒப்பந்தம் முடிந்ததும் சர்க்கரை ஆலையில் கடைசல் வேலை கற்றுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். மனைவி பெயர் மேரே. மீன் பிடிக்கிற குடும்பம். அவளுக்கும் அப்பா அம்மா இல்லை. “உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. நாலு மாதத்தில் ஒரு கப்பல் கிளம்புகிறது. நம் ஊரில் அவளை ஏற்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். எனக்கு வேலை கிடைக்கிற வரை ஒரு மூன்று மாதம் உன் வீட்டில் இருக்கலாமா? ராயபுரத்தில் எனக்குத் தெரிந்தவர் கடைக்குப் பதில் எழுதிப் போடு. இறங்கியதும் அங்கே போய் வாங்கிக்கொள்கிறேன். நீ வேண்டாம் என்று எழுதினாலும் வருத்தப்பட மாட்டேன்.”

கடைசியில் ஒரு பத்தி. அம்மா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

“மேரேவுக்குப் பயம். கப்பலைப் பற்றி இல்லை, மனுஷர்களைப் பற்றி. அவள் பாஷையில் யாராவது ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், தேறிவிடுவாள். அதனால் சில வார்த்தை எழுதியிருக்கிறேன்.”

பதில் எழுதாத அப்பா

அப்பா கெட்டவர் இல்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மடித்தார்.

“எங்க படுக்க வெப்ப?” என்றார்.

“நீங்களும் அண்ணனும் வாசல்ல. நாங்க உள்ள.”

“சோறு?”

அம்மா அடுப்பு மேடையைப் பார்த்தாள்.

“மூணு மாசம், ரெண்டு பெரிய உசுரு. எனக்கு மட்டும் ஆசை இல்லையா தனம்? கணக்கு சொல்லு பாப்போம். கணக்கு சொன்னேன்னா எழுதறேன்.”

சொல்ல முடியாது என்று தெரிந்துதான் கேட்டார். தினம் பத்தணாவைத் தவிர வேறு எந்தக் கணக்கும் அம்மா கையில் இல்லையே.

அந்த வாரம்தான் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் பெண்களுக்கு வீட்டு வரவு செலவு வகுப்பு என்று தண்டோரா போடாத குறையாக வீடு வீடாகச் சொல்லிப் போனார்கள். பத்து சனிக்கிழமை, மத்தியானம், இலவசம். வரிசையில் பாதிப் பேர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு யாதம்மாவை இழுத்துக்கொண்டு போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். துணைக்கு நான்.

யாதம்மா தெலுங்குக்காரி. அவள் புருஷன் யார்டில் கலாசி, எடுபிடி வேலை. அம்மாவும் அவளும் பேசுவது தனி பாஷை. அம்மா தமிழில் ஆரம்பிப்பாள், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள், நடுவில் இரண்டு பேரும் ‘ஹவ்’ (ஆமாம்), ‘நக்கோ’ (வேண்டாம்) என்று துலுக்கு பாஷையில் முடித்துக்கொள்வார்கள். ஒரு நாளும் புரியாமல் போனதில்லை.

மேலே ஒரு வெற்று வரி

பாடம் எடுக்க வந்தவள் ஸ்டெல்லா டீச்சர். ஒரு ரயில் கார்டின் மகள். இருபத்தியோரு வயதுகூட இருக்காது. எதிரில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் அவளைவிடப் பெரியவர்கள். முதல் பத்து நிமிஷம் அவள் குரல் நடுங்கியது எனக்குக் கேட்டது.

“பக்கத்துக்கு மேல முதல் வரியில மாச வரவு எழுதுங்க. அதுக்குக் கீழ போயே தீர வேண்டிய செலவு. அதுக்குக் கீழ வாரச் செலவு. கடைசியா எதிர்பாராத செலவுக்குன்னு கொஞ்சம்.”

அம்மா கையைத் தூக்கினாள். “எதிர்பாராத செலவ முன்னாடியே எப்படிம்மா எழுதறது?”

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டாள். நடுக்கம் போய்விட்டது. “என்ன வரும்னு தெரியாதுக்கா. ஏதோ ஒண்ணு வரும்னு தெரியுமில்ல?”

அம்மா யோசித்துத் தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது.

அரை மணி கழித்து டீச்சர் ஒவ்வொரு நோட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கீழே எல்லாரும் எழுதியிருந்தார்கள்: உப்பு, புளி, மண்ணெண்ணெய். முதல் வரி மட்டும் ஏழெட்டு நோட்டில் வெறுமையாக இருந்தது. அம்மா நோட்டிலும்.

டீச்சர் கரும்பலகைக்குத் திரும்பிப் போனாள். சற்று நேரம் சாக்பீஸை உருட்டிக்கொண்டு நின்றாள்.

“இந்த வாரப் பாடம் அதுதான்,” என்றாள். “வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை

அப்பா சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா நோட்டும் பென்சிலுமாக எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“உங்க சம்பளம் எவ்ளோ?”

“கைக்கு வர்றதா?” எண்ணெய்க் குப்பி அந்தரத்தில் நின்றது. கோபமோ ஆச்சரியமோ வந்தால் அப்பாவுக்கு ஊர்ப் பாஷை வந்துவிடும். “இப்ப இன்னாத்துக்கு?”

“கணக்கு சொல்லச் சொன்னீங்களே. மேல் வரி இல்லாம எப்படிச் சொல்றது?”

அப்பா சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி விட்டார். அது நிற்கிற வரை பார்த்தார்.

“நாப்பத்தி ரெண்டு. ஹாலி.”

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் அப்போது இரண்டு ரூபாய் ஓடியது. நிஜாம் ரூபாய்க்கு ஹாலி என்று பெயர். பிரிட்டிஷ் ரூபாய்க்குக் கல்தார். ஏழு ஹாலி கொடுத்தால் ஆறு கல்தார் வரும். சம்பளம் ஹாலி. சிகந்தராபாத் கடைத்தெருவில் பாதிக் கடை கல்தார் கேட்கும். தினம் பத்தணாவை எடுத்துக்கொண்டு போகிறவள் தினம் மாற்ற வேண்டும். மாற்றுகிறவன் ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு தம்பிடி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பான். அதையெல்லாம் யாரும் செலவென்று நினைத்ததே இல்லை.

அம்மா எழுதிக்கொண்டே போனாள். குவார்ட்டர்ஸ் வாடகை மூன்று. அரிசி ஒன்பது. தினம் பத்தணா, மாதத்துக்குப் பதினெட்டே முக்கால். விறகு, மண்ணெண்ணெய், பள்ளிக்கூடம் எல்லாம் இரண்டே கால். அப்பாவின் டீயும் பீடியும் மூன்று. பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டுக் கூட்டினாள்.

“முப்பத்தாறு ஆவுது. மிச்சம் ஆறு ரூபா?”

அப்பா மறுபடியும் எண்ணெய் விட ஆரம்பித்தார்.

“கேக்கக் கூடாதுன்னா வுட்டுடறேன்.”

“தங்கச்சிக்கு,” என்றார் அப்பா. குரல் இறங்கிவிட்டது. “மாசம் அஞ்சு கல்தார். மாத்தற கூலி, மணியார்டர் கூலி எல்லாம் சேர்த்தா ஆறு. எட்டு வருசமா அனுப்பறேன்.”

என் அத்தை ஒருத்தி இளம் வயதில் தாலியறுத்து ஆம்பூரில் இருந்தாள். அவள் எப்படிப் பிழைக்கிறாள் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

“எங்கிட்ட சொல்லல,” என்றாள் அம்மா.

“நீ இன்னா நெனைப்பியோன்னு.”

அம்மா குனிந்து எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். வாடகைக்கும் மேலே, செலவில் முதல் வரியாக, ‘நாத்தனார், ஆறு ரூபாய்’ என்று எழுதியிருந்தாள்.

“இந்த வரி இப்படியே இருக்கட்டும். யாரும் கை வெக்கக் கூடாது. ஆனா எனக்கும் ஒரு அண்ணன் இருக்கார். அவருக்கும் ஒரு வரி வேணும்.”

“எதுல இருந்து?”

“ரெண்டு மாசம் சம்பளத்த முழுசா என் கையில குடுங்க. ரெண்டு பேர் சாப்பாட்டுக்கு ஆறு ரூபா வேணும்னு போட்டுப் பாத்துட்டேன். மாசத்துக்கு ஆறு மிச்சம் காட்டினா அண்ணனுக்கு வாங்கன்னு எழுதுங்க. காட்டலன்னா நானே வேணாம்னு எழுதிடறேன்.”

மொத்தமாகக் கையில் கொடுத்தால் பத்து நாளில் கரைந்துவிடும் என்றுதான் அப்பா பயந்திருப்பார். ஆனால் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, “செரி” என்றார்.

ஆறு வார்த்தை, ஒரு கேள்வி

கணக்கு ஒரு பக்கம் நடந்தது. வார்த்தை ஒரு பக்கம்.

மாமா எழுதியிருந்தவை ஆறு. ‘ம்புலா’ என்றால் நலமா, வாங்க, வணக்கம் எல்லாம். ‘யாந்த்ரா’ காலை வணக்கம். ‘வினாக்கா’ நன்றி. ‘இயோ’ ஆமாம். ‘செங்கா’ இல்லை. ‘மொதே’ போய் வருகிறேன். கூட ஒரு கேள்வி: ‘ஓ தே நா யாதாமு?’ உன் பெயர் என்ன?

முதல் வார்த்தையே தகராறு. தமிழில் எந்தச் சொல்லும் ‘ம்’ என்று வாயை மூடிக்கொண்டு ஆரம்பிப்பதில்லையே. மாமா அடைப்புக்குறி போட்டு, ‘வாயை மூடித் திற’ என்று எழுதியிருந்தார். அம்மா ‘இம்புலா’ என்பாள். இல்லாவிட்டால் ‘அம்புலா’. தம்பிகள் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன். ‘அம்பு’ என்று சொல்ல ஆரம்பித்து ‘அ’வை மட்டும் விழுங்கிவிட வேண்டும். குழாயடியில் குடம் நிறைகிற வரைக்கும் அம்மா ‘அ’வை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

கேள்வியைப் பழகிய அன்றுதான் வேடிக்கை. “ஓ தே நா யாதாமு?” என்று அம்மா உரக்கச் சொன்னதும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

“ஹவ்! ஒஸ்துன்னா!”

இதோ வருகிறேன் என்று யாதம்மா ஓடி வந்துவிட்டாள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நாட்டில் பெயர் என்பதற்கே ‘யாதா’ என்று பெயர் என்று அம்மா விளக்கியதும் யாதம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சமுத்திரத்துக்கு அப்பாலும் தன் பெயர் இருக்கிறது என்று வரிசை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவளும் எங்களோடு சேர்ந்து படித்தாள். ஒரு மாதத்தில் எங்கள் வரிசைக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும்போது ‘மொதே’ சொல்லிவிட்டுப் போகிற நிலைமை வந்துவிட்டது.

நாலு ரூபாய் இரண்டணா

கையில் முழுச் சம்பளம் வந்த முதல் நாள் அம்மா அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்தாள்.

கல்தார் வேண்டியதை மாதத்துக்கு ஒரே தடவை மாற்றினாள். மாற்றுக் கூலியில் மட்டும் எட்டணாவுக்கு மேல் மிஞ்சியது. யாதம்மா வீடும் நாங்களும் சேர்ந்து அரிசியை மண்டியிலேயே மூட்டையாக எடுத்தோம். தினம் காலணாவுக்கு வாங்கிக்கொண்டிருந்த நல்லெண்ணெயை வாரத்துக்கு ஒரு தடவை வாங்கினோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டெல்லா டீச்சரிடம் போவாள். டீச்சர் சிவப்புப் பென்சிலால் ஒரு இடத்தில் வட்டம் போடுவாள். அடுத்த வாரம் அந்த இடம் இளைத்திருக்கும்.

முதல் மாதம் மூன்று ரூபாய் பதினோரணா மிச்சம். இரண்டாவது மாதம் சின்னத் தம்பிக்குக் காய்ச்சல். ரயில்வே ஆஸ்பத்திரியில் மருந்து சும்மா கொடுத்தார்கள். பாலும் ரொட்டியும் சும்மா கிடைக்கவில்லை. எதிர்பாராத செலவு என்று எழுதி வைத்திருந்த ஒரு ரூபாய் அதற்குச் சரியாகப் போயிற்று. அம்மா அந்த வரியைக் காட்டி என்னிடம் சொன்னாள்: “பாத்தியா பாப்பா, அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே வந்துச்சு.”

மாதக் கடைசியில் அப்பா முன்னால் காசை வைத்தாள். நாலு ரூபாய் இரண்டணா.

“ஆறு வரல,” என்றாள். சாக்குச் சொல்லவில்லை. காய்ச்சலைக்கூடச் சொல்லவில்லை.

அப்பா எண்ணினார். நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். வெகுநேரம். அம்மா உள்ளே போய்ப் பதில் எழுதக் காகிதம் எடுத்து வந்துவிட்டாள். ‘வேண்டாம்’ என்று எழுதத்தான்.

“ஒரு ரூபா பதினாலணா கொறையுது,” என்றார் அப்பா.

“ஆமா.”

“என் டீ, பீடி மூணு ரூபான்னு எழுதியிருக்க.”

“ஆமா.”

“அத அடி. ஒரு ரூபா ரெண்டணான்னு எழுது.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மனக்கணக்குப் போட்டாள். சரியாக ஆறு.

“அந்தக் காகிதத்த இப்படிக் குடு,” என்று கையை நீட்டினார் அப்பா.

அடுத்த சனிக்கிழமை கடைசி வகுப்பு. டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அவள் கணக்கை அப்படியே கரும்பலகையில் எழுதச் சொன்னாள். அம்மா வாழ்க்கையில் சாக்பீஸ் பிடித்ததே இல்லை. ‘அண்ணன், அண்ணி, ஆறு ரூபாய்’ என்று எழுதி முடித்துத் திரும்பியபோது மூக்கு நுனியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. “எங்க புஸ்தகத்துல இப்படி ஒரு வரி இல்ல,” என்றாள் டீச்சர். “இனிமே நான் சொல்லிக் குடுக்கறப்போ இருக்கும்.” யாதம்மா கை தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். நான் எவ்வளவு பலமாகத் தட்டினேன் என்றால், வீடு வந்து சேரும் வரை உள்ளங்கை எரிந்தது.

பிளாட்பாரத்தில் இரண்டு பெண்கள்

வண்டி வந்து நின்றது.

மாமாவை அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. நரைத்து, ஒல்லியாக, கோட்டுப் போட்ட யாரோ ஒருவர் இறங்கினார். பின்னால் இறங்கியவளைத்தான் பிளாட்பாரமே பார்த்தது. அப்பாவைவிட உயரம். நல்ல அகலமான தோள். தலைமுடி சுருண்டு சுருண்டு பெரிய வட்டமாக நின்றது. புடவையை யாரோ சொல்லிக்கொடுத்து, அரைகுறையாகக் கட்டியிருந்தாள். கையில் சுருட்டிய ஒரு பாய். கூட்டம் கூடக் கூட அவள் அந்தப் பாயை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

அம்மா அவள் எதிரில் போய் நின்றாள். அண்ணனைப் பார்க்கவில்லை.

“ம்புலா,” என்றாள். பிசிறில்லாமல் வந்தது.

மேரே அத்தை அசையவில்லை. கேட்டது நிஜம்தானா என்று பார்ப்பவள் மாதிரி நின்றாள். அம்மா இன்னொரு தடவை சொன்னாள்.

அப்போது அத்தை சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த எச்சிலும் கரியுமான பிளாட்பாரத்தில், கால் மடக்கி. பாயைப் பக்கத்தில் வைத்தாள். உள்ளங்கைகளைக் குழித்து மூன்று தடவை தட்டினாள். கிணற்றுக்குள் தட்டுகிற மாதிரி ஆழமான சத்தம். அது அவர்கள் நாட்டில் மரியாதைப்பட்டவர்களுக்குச் செய்வது என்று பிறகு மாமா சொன்னார். அம்மாவுக்கு அது தெரியாது. அண்ணி தரையில் இருக்கும்போது தான் நிற்கக் கூடாது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவளும் எதிரில் உட்கார்ந்தாள்.

அத்தை பேச ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, மூச்சு விடாமல். அம்மாவிடம் இருந்தது ஆறு வார்த்தை. எல்லாவற்றுக்கும் “இயோ, இயோ” என்றாள். ஆமாம், ஆமாம்.

கூட்டத்தைப் பார்த்து ஒரு போர்ட்டர் ஓடி வந்தான். “க்யா ஹுவா? உட்டோ அம்மா, உட்டோ!” என்று அதட்டினான். எழுந்திருங்கள் என்கிறான்.

அதுவரை பத்தடி தள்ளி நின்ற அப்பா முன்னால் வந்தார். “நக்கோ பாய்,” என்றார். “ஹமாரே கர் கே லோகாங். பைட்னே தேவ்.”

எங்கள் வீட்டு மனுஷர்கள், உட்காரட்டும் என்று அர்த்தம். சொல்லிவிட்டு, அந்தப் பாயைக் குனிந்து எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

கணக்கில் விட்டுப்போன தேங்காய்

அம்மாவின் கணக்கில் ஒரு தப்பு இருந்தது. தேங்காய்.

அத்தைக்குத் தேங்காய்ப் பால் இல்லாமல் சோறு இறங்காது. எங்கள் ஊரிலோ தேங்காய் கொள்ளை விலை. முதல் வாரம் அவள் தட்டை அளைந்துகொண்டே இருந்தாள். வாயைத் திறந்து கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை. அம்மாதான் ஒவ்வொன்றாகக் காட்டி “இயோ? செங்கா?” என்று கேட்டுக் கண்டுபிடித்தாள். வாரத்துக்கு ஒரு தேங்காய் என்று புது வரி எழுதினாள். சீயக்காயையும் சோப்பையும் குறைத்தாள். ஒரு மாதத்தில் எங்களுக்கும் தேங்காய்ப் பால் கீரைக் குழம்பு பழகிவிட்டது. இன்றைக்கும் என் வீட்டில் அதற்கு ‘பிஜிக் கீரை’ என்றுதான் பெயர்.

இரண்டரை மாதத்தில் மாமாவுக்கு மல்லாபூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் கடைசல் வேலை கிடைத்தது. அத்தை தமிழில் ஒற்றை ஒற்றைச் சொல்லாகப் பேச ஆரம்பித்திருந்தாள். வரிசையில் முறைத்தவர்கள் முறைப்பதை நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து சித்தப்பா வந்தார்.

வேப்பமரத்தடியில்

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். மாமா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். சித்தப்பா ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசல் வரை வந்தவர் படியேறவில்லை. வேப்பமரத்தடியிலேயே நின்றார்.

அம்மாவை வளர்த்தவர். கல்யாணத்தில் தாரை வார்த்தவர். அம்மா ஓடிப் போய்க் காலில் விழுந்தாள்.

“உள்ள வாங்க சித்தப்பா.”

“வரமாட்டேன். அந்தப் பொம்பள சமைக்கற வீட்டுல பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கேன். அவள இங்கியே ஏதாவது பாதிரி வீட்டுல வுட்டுட்டு அவன மட்டும் எங்கூட அனுப்பு. பொண்ணு பாத்து வெச்சிருக்கேன். இல்லன்னா நெலத்துல ஒரு காணி கெடையாது.”

“அண்ணன் வரமாட்டார்.”

“அத அவன் சொல்லட்டும். நீ யாரு சொல்றதுக்கு?”

அம்மா எழுந்து நின்றாள். சித்தப்பாவை எதிர்த்து அவள் ஒரு சொல்லும் பேசியதில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

“அவங்க ரெண்டு பேருக்கும் இந்த வீட்டுல சோத்துக்கு வழி பண்ணினவ நான். தம்பிடி தம்பிடியா கணக்குப் போட்டுத்தான் கூப்ட்டேன். யாரு இங்க இருக்கணும், யாரு போவணும்னு நான்தான் சித்தப்பா சொல்லணும். நெலம் வேணாம். அண்ணி இங்கதான் இருப்பாங்க.”

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். “மாப்ள, நீங்க இன்னா சொல்றீங்க?”

“அவ சொல்லிட்டாளே,” என்றார் அப்பா.

யாதம்மா தன் வாசலில் முறத்தோடு அப்படியே நின்றாள். சித்தப்பா திரும்பிப் போவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. போக அவர் காலில் தெம்பில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தை உள்ளேயிருந்து சொம்போடு வந்தாள். பேசியது எதுவும் அவளுக்குப் புரிந்திருக்க நியாயமில்லை, அல்லது எல்லாமே புரிந்திருக்கும். குனிந்து குனிந்து நடந்து வந்து, அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். சொம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

“வெயில்,” என்றாள். “குடிங்க.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கையைத் தாழ்த்தவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். சொம்பின் வெளிப்புறம் பூத்த ஈரம் அவள் மணிக்கட்டு வழியாக இறங்கிச் சொட்டியது. அம்மா அவளை எழுப்பப் போகவில்லை. நான் போகப் பார்த்தேன். அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

எவ்வளவு நேரமோ தெரியாது. அவர் கை நீண்டது. சொம்பை வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெறும் சொம்பைத் திருப்பிக் கொடுத்தபோது அத்தை, “வினாக்கா” என்றாள்.

“இன்னா சொல்றா?” என்று கேட்டார் சித்தப்பா.

“நன்றிங்கறாங்க,” என்றாள் அம்மா.

“தண்ணி குடுத்தவ எதுக்கு நன்றி சொல்றா?”

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி மரத்தடியில் விட்டுவிட்டுப் படியேறி உள்ளே வந்தார்.

அன்று மத்தியானம் ஏழு பேருக்கு வடித்த சோற்றை எட்டு பேர் சாப்பிட்டோம். எல்லாரும் போதும் போதும் என்று இலையை மறித்த பிறகும் பானையில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.